பக்கத்து ஊரில் பெய்த மழை

சித்திரை மாதத்தில் மத்தியானம் வரை வெயில் கொளுத்தும். இரண்டு, மூன்று மணியளவில் வானத்தின் ஒரு மூலை கறுக்கும். குளிர்ந்த காற்று ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு வரும். இடி முழங்கும். இன்றைக்கு வெங்காயத்துக்கு இறைக்கத் தேவையில்லை என்று நாம் மனம் ஆறியிருக்க, நான்கு துளி விழுந்ததோடு எல்லாம் முடிந்துவிடும். அடுத்த நாள் சந்தையில் இரண்டு கட்டை தள்ளியுள்ள ஊரவரைச் சந்தித்தால், "எங்கட பக்கம் நேற்று வாய்க்கால் வழிந்து ஓடினது" என்பார்.

இதைக் காணாத கமக்காரர் இல்லை. ஆனால் எங்கே பெய்தது, எவ்வளவு பெய்தது, எத்தனை நிமிடம் பெய்தது என்று கேட்டால் எம்மில் எவரிடமும் கணக்கு இருப்பதில்லை. பிறந்த ஊரில் இருந்தவரை அந்தக் கணக்கு பெரிதாகத் தேவைப்படவும் இல்லை. எந்தத் திசை கறுத்தால் மழை நிச்சயம், எந்த ஒழுங்கையால் வெள்ளம் வரும், எந்தக் காணியில் மூன்று நாள் தண்ணீர் நிற்கும் என்பதெல்லாம் தகப்பன் சொல்லி, பேரன் சொல்லி எமக்குத் தெரிந்திருந்தது. காணியை விட்டு வந்தபோது அந்த அறிவையும் அங்கேயே விட்டுவந்தோம். வந்த இடத்தின் வானம் எமக்குப் பழக்கமில்லாதது.

இந்தப் பாடத்தில், தம் ஊரின் கோடை இடிமழையை அவதானித்துக் குறித்து வருவதையே பொழுதுபோக்காகக் கொண்ட சாதாரண மக்களைப் பற்றிப் பார்ப்போம். அவர்கள் ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தைச் சேர்ந்தவர்கள். அவர்கள் செய்யும் வேலையின் பெரும்பகுதியை ஒரு பேணியும் ஒரு கொப்பியும் இருந்தால் நாமும் செய்யலாம்.

இடிமழை பிறக்கும் விதம்

முதலில், கோடை இடிமழை ஏன் ஓர் ஊரை நனைத்து அடுத்த ஊரை விட்டுவிடுகின்றது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும்.

வெயிலால் நிலம் சூடேறும்போது நிலத்தை ஒட்டிய காற்றும் சூடேறி, இலேசாகி, மேலே எழும்புகின்றது. அக்காற்றில் ஈரம் நிறைய இருந்தால், மேலே போகப் போக அது குளிர்ந்து சிறு நீர்த்துளிகளாகி முகிலாகின்றது. நீராவி துளியாக மாறும்போது வெப்பத்தை வெளிவிடும். அந்த வெப்பம் காற்றை இன்னும் மேலே தள்ளும். இவ்வாறு ஒரு மணித்தியாலத்துக்குள் முகில் 12 கிலோமீற்றர் உயரத்தையும் தாண்டி எழுந்துவிடலாம். இலங்கை போன்ற வெப்பமான நாடுகளில் 15 கிலோமீற்றருக்கும் மேலே போவதுண்டு. அதற்கு மேல் எழ முடியாமல் உச்சி பக்கவாட்டில் பரவும். தூரத்திலிருந்து பார்த்தால் கொல்லனின் பட்டடைக்கல் போலத் தெரியும். முகிலுக்குள் பனிக்கட்டித் துகள்கள் ஒன்றோடொன்று மோதுவதால் மின்னேற்றம் பிரிந்து மின்னல் உண்டாகின்றது.

மழை விழத் தொடங்கியதும் அதன் பாரமும் குளிர்ச்சியும் காற்றைக் கீழே இழுக்கின்றன. அந்தக் காற்று நிலத்தில் மோதி நாற்புறமும் பரவுகின்றது. மழைக்கு முன்னால் எம் முகத்தில் அடிக்கும் குளிர்காற்று இதுதான். இந்தக் குளிர்காற்றே முகிலுக்கு ஊட்டம் கொடுத்த சூடான காற்றை வெட்டிவிடுவதால், தனி முகில் ஒன்று பெரும்பாலும் அரை மணி முதல் ஒரு மணித்தியாலத்துக்குள் தன்னைத் தானே அணைத்துக்கொள்கின்றது. அதன் அகலமும் சில கிலோமீற்றர்தான். மாரி மழை அப்படியானதல்ல. அது மாவட்டம் மாவட்டமாக மூடிக்கொண்டு நாட்கணக்கில் பெய்யும்.

ஆனால் சில நாட்களில் ஒரு முகில் ஓயும் அதே இடத்தில் அடுத்த முகில் எழும்பும். மேற்காற்று பலமில்லாமல் இருந்தால் அவை நகரவும் மாட்டா. ஆபத்து அப்போதுதான் தொடங்குகின்றது.

1997 ஜூலை 28

கொலராடோவில் ரொக்கி மலைத்தொடரின் அடிவாரத்தில் போர்ட் கொலின்ஸ் என்ற நகரம் உள்ளது. வரண்ட பிரதேசம். ஒரு வருடம் முழுவதும் அங்கு விழும் மழையும் பனியும் சேர்ந்தே ஏறக்குறைய 400 மில்லிமீற்றர்தான். எமது வரண்ட வலயத்தில் பெய்வதன் அரைவாசியும் இல்லை.

1997 ஜூலை 27ஆம் திகதி பின்னேரம் அந்நகரின் மேற்குப் பக்கத்தில் மழை தொடங்கியது. கிழக்கேயிருந்து வந்த ஈரக்காற்று மலையில் மோதி மேலெழ, முகில்கள் அடிவாரத்திலேயே எழும்பிக்கொண்டிருந்தன. அன்றிரவு பெய்த மழையில் நிலம் ஊறிவிட்டது. 28ஆம் திகதி மாலை மீண்டும் தொடங்கியது. அன்று மாலையும் இரவுமாக ஆறு மணித்தியாலத்துக்குள் 10 அங்குலத்துக்கு மேல், அதாவது 250 மில்லிமீற்றருக்கு மேல், நகரின் மேற்கு ஓரத்தில் கொட்டியது. 31 மணித்தியாலத்தில் அங்கு பெய்த மொத்த மழை 14.5 அங்குலம். ஒரு வருட மழை ஒன்றரை நாளுக்குள் விழுந்தது என்றே சொல்ல வேண்டும்.

சில கிலோமீற்றர் கிழக்கே அதே நகரில் வசித்தவர்களுக்கு 2 அங்குலம் அளவில்தான் மழை கிடைத்தது. அவர்களுக்கு அது ஒரு நல்ல கோடை மழை. யன்னலைச் சாத்திவிட்டு நித்திரைக்குப் போனார்கள்.

மேற்கே விழுந்த தண்ணீர் ஸ்பிறிங் கிறீக் என்ற சிற்றாற்றின் வழியே நகருக்குள் இறங்கியது. வழியில் புகையிரதப் பாதைக்காக எழுப்பப்பட்ட மண் அணை இருந்தது. வெள்ளம் அதன் பின்னால் குளம் போல் தேங்கியது. இரவு 11 மணியளவில் அணைக்கு மேலால் வழிந்து மறுபக்கம் பாய்ந்தது. அணைக்குக் கீழே தாழ்ந்த நிலத்தில் இருந்தவை இரண்டு குடியிருப்புகள். கல்வீடுகள் அல்ல, வேறிடத்தில் செய்து, சில்லுகளில் இழுத்து வந்து வரிசையாக நிறுத்தப்பட்ட இலேசான வீடுகள். வசதி குறைந்த குடும்பங்கள் அவற்றில் வாழ்ந்தன. அவ்வெள்ளத்தில் 5 பேர் உயிரிழந்தனர். சேதம் 20 கோடி டொலர் என்று கணக்கிடப்பட்டது. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக நூலகத்தின் நிலக்கீழ் மாடியில் இருந்த ஏறக்குறைய 5 இலட்சம் நூல்கள் நனைந்தன.

தாழ்ந்த நிலத்தில், இலேசான கூரையின் கீழ், தாம் தெரிவு செய்யாத இடத்தில் இருப்பவர்களைத்தான் வெள்ளம் முதலில் தேடி வருகின்றது. இதை உங்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. நாம் இங்கே காட்ட விரும்புவது வேறொன்று. அந்த வீடுகளில் இருந்தவர்களின் தலைக்கு மேல் பெய்த மழை அவர்களைக் கொல்லவில்லை. பக்கத்துப் பகுதியில், அவர்களின் கண்ணுக்கு எட்டாத இடத்தில் பெய்த மழையே அவர்களிடம் வந்து சேர்ந்தது.

வாளியில் நின்ற தண்ணீர்

அமெரிக்காவில் அப்போதே வானிலை ராடர் இருந்தது. ஆனால் அன்று ராடர் கணித்த மழை உண்மையாகப் பெய்ததைவிட மிகக் குறைவு. ராடர் முகிலிலிருந்து திரும்பி வரும் அலையை வைத்து மழையைக் கணிக்கும் கருவி. ஆலங்கட்டியும் பெருந்துளிகளும் உள்ள முகிலில் அது கூடுதலாகக் காட்டும். சிறு துளிகள் அடர்ந்து விழும் முகிலில் குறைத்துக் காட்டும். அன்றைய மழை இரண்டாவது வகை. உத்தியோகபூர்வமான மழைமானிகளோ ஓரிரு இடங்களில்தான் இருந்தன. மழையின் நடுப்பகுதி அவற்றுக்குத் தப்பிவிட்டது.

அப்படியானால் 14.5 அங்குலம் என்பது எப்படித் தெரிய வந்தது? வெள்ளம் வடிந்தபின், அப்பல்கலைக்கழகத்தின் காலநிலை நிலையத்தைச் சேர்ந்த நோலன் டோஸ்கன் என்பவரும் அவருடன் வேலை செய்தவர்களும் நகர மக்களிடம் ஒரு வேண்டுகோள் விடுத்தார்கள். உங்கள் வளவில் எவ்வளவு மழை பெய்தது என்று தெரிந்தால் சொல்லுங்கள் என்பதே அது. நூற்றுக்கணக்கானோர் பதில் அளித்தனர். சிலரிடம் சிறிய மழைமானி இருந்தது. வேறு சிலர் முற்றத்தில் கிடந்த வாளி போன்ற பாத்திரத்தில் நின்ற தண்ணீரை அளந்து சொன்னார்கள். அந்த எண்களை எல்லாம் வரைபடத்தில் இட்டபோதுதான் மழையின் உருவம் தெரிந்தது. மேற்கே ஒரு சிறிய இடத்தில் மலை போலக் குவிந்தும், கிழக்கே போகப் போகச் சரிந்தும் இருந்தது.

எமக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த வாளிகள்தான். பெரிய கருவிகள் தவறவிட்டதை முற்றத்தில் மறந்து கிடந்த ஒரு வாளி பிடித்து வைத்திருந்தது.

வெள்ளம் வந்தபின் வாளியைத் தேடுவதைவிட, வருமுன்பே ஒவ்வொரு தெருவிலும் ஓர் அளவுக் குழாய் இருந்தால் என்ன என்ற எண்ணம் அதிலிருந்து பிறந்தது. 1998ஆம் ஆண்டு சில டசின் தொண்டர்களுடன் வேலை தொடங்கியது. பாடசாலை மாணவர், இளைப்பாறியவர், கமக்காரர், வீட்டுப் பெண்கள் எனப் பலரும் சேர்ந்தனர். சம்பளம் இல்லை. இன்று அது அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும், கனடாவிலும், பஹாமாஸ் தீவுகளிலும் இருபதாயிரத்துக்கும் அதிகமானோர் சேர்ந்து நடத்தும் பெரிய வலையாகிவிட்டது.

அவர்களது கருவி

4 அங்குலம் வாய் அகலமுள்ள பிளாஸ்ரிக் உருளை ஒன்று. அதன் மேலே புனல். உள்ளே ஒடுங்கிய குழாய். உட்குழாயின் பரப்பு வெளிவாயின் பரப்பில் பத்தில் ஒன்று. ஆகவே 1 அங்குல மழை பெய்தால் உட்குழாயில் 10 அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். அங்குலத்தின் நூறில் ஒரு பங்கைக்கூட வாசிக்கலாம். உட்குழாய் நிரம்பினால் மிச்சம் வெளி உருளையில் சேரும். மொத்தம் 11 அங்குலம் கொள்ளும். அசையும் உறுப்பு எதுவும் இல்லாததால் பழுதாக ஒன்றும் இல்லை.

கொலராடோ ஆலங்கட்டி மழைக்குப் பேர்போன இடம். அதை அளக்க அவர்கள் கண்ட வழி இன்னும் எளிது. ஓர் அடிச் சதுரமான ரெஜிபோம் பலகையை அலுமினியத் தாளால் சுற்றி வெளியே வைக்கிறார்கள். ஆலங்கட்டி விழுந்த இடமெல்லாம் குழி விழுகின்றது. குழியின் அகலத்திலிருந்து கட்டியின் பருமனும், குழி சரிந்திருக்கும் விதத்திலிருந்து காற்றடித்த திசையும் தெரியும்.

ஒவ்வொரு நாளும் காலை 7 மணிக்கு வாசிக்கிறார்கள். மழை பெய்யாத நாளில் சைபர் என்று எழுத வேண்டும். இது வீண்வேலை என்று தோன்றும். ஆனால் எழுதாமல் விட்டால், அன்று மழை இல்லையா அல்லது அவர் பார்க்கவில்லையா என்பது பிறகு எவருக்கும் தெரியாது. வரட்சியைக் கணக்கிடுபவர்களுக்கு அந்தச் சைபர்களே முக்கியம்.

மழை கடுமையாகக் கொட்டினாலோ ஆலங்கட்டி விழுந்தாலோ அவர்கள் காலை வரை காத்திருப்பதில்லை. உடனே அறிவிக்கிறார்கள். அந்தச் செய்தி தேசிய வானிலைச் சேவையின் உள்ளூர் அலுவலகத்துக்குப் போகின்றது. எச்சரிக்கை விடுபவர் ராடரில் தெரிவதையும் நிலத்தில் நடப்பதையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். சிற்றாற்றின் மேற்பகுதியில் இருப்பவரின் அளவு, கீழ்ப்பகுதியில் நித்திரையில் இருப்பவருக்கு உதவுவது இப்படித்தான்.

இவர்களைவிடப் பழைய இன்னொரு கூட்டமும் அங்கு உண்டு. 1965 ஏப்ரல் 11ஆம் திகதி ஒரே நாளில் வீசிய சுழல்காற்றுகளில் 250க்கும் மேற்பட்டோர் இறந்தபின் உருவான புயல் அவதானிகள் அமைப்பு அது. ஒரு மாலைப் பொழுதில் நடக்கும் வகுப்பில், எந்த முகில் சுழல்கின்றது, எது வெறும் மழைத்திரை என்று படித்துக்கொண்டு, தம் வீட்டருகே நின்று பார்த்து அறிவிக்கிறார்கள். இலட்சக்கணக்கானோர் இப்பயிற்சி பெற்றுள்ளனர்.

வாகனத்தில் புயலைத் துரத்திப் படம் பிடிக்கும் ஒரு சாராரும் அங்கு இருக்கிறார்கள். அதில் நாம் கற்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். 2013 மே 31ஆம் திகதி ஒக்லஹோமா மாநிலத்தில் டிம் சமாராஸ் என்ற ஆய்வாளரும், அவரது மகனும், கூடப் போன இன்னொருவரும் சுழல்காற்றில் அகப்பட்டு இறந்தனர். பல்லாண்டு அனுபவம் உள்ளவர்கள் அவர்கள். நின்ற இடத்தில் நின்று பார்ப்பதே போதும்.

எமது வளவில்

இலங்கையில் இந்த வகை இடிமழை அதிகம் வருவது பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலத்தில், அதாவது பங்குனி சித்திரையிலும் மீண்டும் ஐப்பசியிலும். சோளகமும் இல்லை, வாடையும் இல்லை. காற்று ஓய்ந்திருக்க, மத்தியானம் கடந்தபின் முகில் எழும்பும். கடற்காற்று உள்ளே வந்து தரைக்காற்றைச் சந்திக்கும் இடத்தில் அது பெரும்பாலும் பிறக்கும். ஆகவே எமக்கும் அந்த நகரத்தவர்க்கும் இருக்கும் பிரச்சினை ஒன்றுதான். மழை துண்டு துண்டாகப் பெய்கின்றது. மழைமானியோ மிகச் சில இடங்களில்தான் உண்டு.

மழையை அளக்க ஒரு பால்மா பேணி போதும். ஆனால் அதன் பக்கம் நேராக இருக்க வேண்டும். நாங்கள் முதலில் கைக்கு அகப்பட்ட ஒரு பிளாஸ்ரிக் வாளியை வைத்தோம். வாய் அகன்று அடி ஒடுங்கிய வாளி. அதில் நின்ற தண்ணீரை அடிமட்டத்தால் அளந்து, பெரிய மழை பெய்துவிட்டதாக நம்பி, இரண்டு நாள் இறைப்பை நிறுத்தினோம். கத்தரிக் கன்றுகள் வாடியபின்தான் பிழை புரிந்தது. அகன்ற வாயால் பிடித்த தண்ணீர் ஒடுங்கிய அடியில் உயர்ந்து நிற்கும் என்பதை யோசிக்கவில்லை. அடுத்த பேணியை முருங்கை மரத்துக்குப் பக்கத்தில் வைத்தது இரண்டாவது பிழை. மரம் மழையை மறைக்கும். பிறகு இலையிலிருந்து சொட்டியும் விடும். மரமோ கூரையோ எவ்வளவு உயரமோ, அதன் இரண்டு மடங்கு தூரம் தள்ளி வைப்பது நல்லது. ஒரு கட்டையை நாட்டி, பேணியின் வாய் கட்டைக்கு மேலே நிற்கும்படி கட்டிவிடுங்கள். நிலத்தில் வைத்தால் மண் தெறிக்கும், கோழி தட்டும்.

சிறிய மழையை அடிமட்டத்தால் அளப்பது கடினம். பாணி மருந்தோடு வரும் சிறிய அளவுக் குவளை வீட்டில் இருக்குமல்லவா? பேணியின் வாய் 10 சென்ரிமீற்றர் அகலமானால், அதில் சேர்ந்த தண்ணீரில் ஏறக்குறைய 8 மில்லிலீற்றருக்கு 1 மில்லிமீற்றர் மழை என்று கணக்கிடலாம். 40 மில்லிலீற்றர் இருந்தால் 5 மில்லிமீற்றர். பேணியின் அகலம் வேறாக இருந்தால் ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் படிக்கும் பிள்ளையிடம் வட்டத்தின் பரப்பைக் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். சதுர சென்ரிமீற்றரில் வரும் விடையைப் பத்தால் பிரித்தால், 1 மில்லிமீற்றர் மழைக்கு எத்தனை மில்லிலீற்றர் என்பது கிடைக்கும். படிப்பு எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு இது ஒரு பதிலாகவும் இருக்கும்.

1 மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு சதுர மீற்றருக்கு 1 லீற்றர் தண்ணீர். ஒரு பரப்புக் காணிக்கு ஏறக்குறைய 250 லீற்றர். 20 மில்லிமீற்றர் மழை ஒரு பரப்பில் 5,000 லீற்றரைக் கொட்டியிருக்கும். அவ்வளவும் மண்ணுக்குள் இறங்கியிருந்தால் ஓர் இறைப்பும் அதற்கான எண்ணெய்ச் செலவும் மிச்சம். ஆனால் இறங்கியதா என்பதே கேள்வி. 20 மில்லிமீற்றர் இரவு முழுவதும் தூறினால் மண் குடிக்கும். அதே 20 மில்லிமீற்றர் பதினைந்து நிமிடத்தில் அடித்தால் மண்ணின் முகம் இறுகி, பாதிக்கு மேல் மேல்மண்ணையும் இழுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போய்விடும். அதனால்தான் அளவோடு மழை தொடங்கிய நேரத்தையும் விட்ட நேரத்தையும் எழுத வேண்டும். இடிமழையைக் குறிப்பவர்கள் இதில் மிகக் கண்டிப்பாக இருக்கிறார்கள். விதைப்புக் காலத்தில் இது இன்னும் முக்கியம். ஐப்பசியில் இடித்துப் பெய்யும் முதல் மழையை நம்பி நெல்லை எறிந்துவிட்டு, பின்னர் பதினைந்து நாள் வானத்தைப் பார்த்து நின்றவர்கள் எம்மில் பலர் உண்டு. பேணியில் 12 மில்லிமீற்றர்தான் நின்றது என்று தெரிந்தால் கை சற்றுத் தயங்கும்.

வளிமண்டலவியல் திணைக்களம் காலை 8.30 மணிக்கு முடியும் 24 மணித்தியாலத்தை ஒரு மழைநாளாகக் கொள்கின்றது. நீங்களும் அதே நேரத்தில் வாசித்தால், வானொலியில் சொல்லும் அளவோடு உங்கள் அளவை ஒப்பிடலாம். வாசித்தவுடன் பேணியைக் கவிழ்த்து ஊற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் வெயிலில் வற்றி அடுத்த நாள் கணக்குப் பிழைக்கும், நுளம்பும் பெருகும்.

ஒரு பேணி உங்கள் வளவைப் பற்றி மட்டுமே சொல்லும். ஐந்து வீட்டில் ஐந்து பேணி இருந்தால் மழையின் உருவம் தெரியத் தொடங்கும். முக்கியமாக, உங்கள் குடியிருப்புக்கு மேலே, குளத்தின் நீரேந்து பக்கத்தில் வசிக்கும் ஒரு குடும்பத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கொட்டிலோ தகரக் கொட்டகையோ எங்கே போடப்பட்டுள்ளது, அதற்கு மேலே வீதி அணையோ குளக்கட்டோ இருக்கின்றதா, மதகு அடைபட்டால் தண்ணீர் எந்தப் பக்கம் வழியும் என்பதைக் கோடை காலத்திலேயே நடந்து பாருங்கள். மேலே கொட்டுகின்றது என்று ஒரு தொலைபேசி அழைப்பு வந்தால், உங்கள் முற்றம் காய்ந்திருந்தாலும் பிள்ளைகளை எழுப்பி மேட்டுக்குக் கொண்டுபோங்கள். ஒரு நாள் வீணாக எழும்பியதற்காக அழைத்தவரை ஏசாதீர்கள். ஏசினால் அடுத்த முறை அவர் அழைக்க மாட்டார்.

இடியை எண்ணுதல்

மழை எங்கே நிற்கின்றது என்பதைக் கருவியில்லாமல் அறிய ஒரு வழி உண்டு. மின்னல் உடனே தெரியும். இடியின் ஓசை ஒரு கிலோமீற்றர் வர ஏறக்குறைய 3 வினாடி எடுக்கும். மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்கி, இடி கேட்டதும் நிறுத்தி, மூன்றால் பிரித்தால் தூரம் கிலோமீற்றரில் கிடைக்கும். 15 எண்ணினால் 5 கிலோமீற்றர். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எண்ணி, திசையோடு எழுதுங்கள். எண் குறைந்துகொண்டு வந்தால் முகில் உங்களை நோக்கி வருகின்றது. வேறு ஊரில் உள்ள ஒருவரும் அதே நேரம் எண்ணியிருந்தால், இரண்டு கணக்கையும் வரைபடத்தில் வைத்து முகில் போன பாதையைக் கோடு கீறலாம். பிள்ளைகள் இதை விளையாட்டாகவே செய்வார்கள்.

ஆனால் இதை எண்ண வேண்டியது வீட்டுக்குள் இருந்துதான். மின்னல், மழை விழும் இடத்திலிருந்து 10 கிலோமீற்றருக்கு அப்பாலும் இறங்கும். இலங்கையில் மின்னலால் உயிரிழப்பவர்களில் பலர் சித்திரை மாதப் பின்னேரங்களில் வயலிலும் வெளியிலும் நின்றவர்கள். எண்ணிக்கை 30க்குக் குறைந்தால் வெளியே இருக்கும் நேரம் முடிந்துவிட்டது. கடைசி இடி கேட்டு அரை மணித்தியாலம் கழியும்வரை திரும்பப் போகாதீர்கள். மழை விட்டுவிட்டது, மாட்டை அவிழ்க்கலாம் என்று இறங்கும் அந்த நேரமும் ஆபத்தானது. மரத்தின் கீழ் ஒதுங்க வேண்டாம். மாட்டையும் தனிமரத்தில் கட்ட வேண்டாம். மரத்தில் இறங்கிய மின்சாரம் நிலத்தில் பரவி நான்கு காலாலும் ஏறும். குளத்தில் குளிப்பவர் கரையேற வேண்டும். கம்பி வேலி, மண்வெட்டி, நீர்ப்பம்பியின் இரும்புக் குழாய் ஆகியவற்றிலிருந்து விலகுங்கள்.

கூடாரமும் ஓலைக் கொட்டிலும் நான்கு கம்பத்தில் நிற்கும் தகரக் கூரையும் மழையை மறைக்குமே தவிர மின்னலை மறைக்கமாட்டா. பாடசாலை, ஆலய மண்டபம், பலநோக்குக் கட்டடம் போன்ற கல்லால் கட்டிய பெரிய கட்டடம் எது, அங்கு ஓடிப்போக எத்தனை நிமிடம் எடுக்கும் என்பதை முன்பே பார்த்து வைத்திருங்கள். கிட்டவாக அப்படி ஒன்று இல்லையென்றால், மூடிய பஸ் வண்டியோ வானோ நல்ல பாதுகாப்பு. உழவு இயந்திரமும் மோட்டார் சைக்கிளும் அப்படியல்ல. மின்னல் தாக்கியவரின் உடலில் மின்சாரம் தங்கி நிற்பதில்லை. தொட்டுத் தூக்கலாம்; மூச்சோ நாடியோ இல்லாவிட்டால் நெஞ்சை அமர்த்தி உடனே முதலுதவி செய்யலாம். அப்படிப் பிழைத்தவர்கள் உண்டு.

கொப்பியில் பக்கம் ஒன்றை ஒரு மாதத்துக்கு வைத்து, திகதி, மழை அளவு, தொடங்கிய நேரம், விட்ட நேரம், கறுத்த திசை, குறிப்பு என்று ஆறு நிரலாகக் கோடு போடுங்கள். குறிப்பு என்ற நிரலைச் சற்று அகலமாக விடுங்கள். அன்று வெள்ளம் எந்த ஒழுங்கையால் வந்தது, எந்தப் பாத்தியில் நின்றது, எத்தனை மணிக்கு வடிந்தது என்பதையெல்லாம் அதில்தான் எழுத வேண்டியிருக்கும்.